வெள்ளித்தலை வாத்து

அத்தியாயம் 4: முப்பத்தேழாம் நம்பர்

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, இராயபுரத்தில் உபைதுல்லா பாய் வீட்டு மாடி அறையில், துப்பறியும் நிபுணர் தவசிமுத்து ஒரு கண்ணாடி அலமாரியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே விட்டது அவருடைய சாமர்த்தியம். வெளியே எடுப்பதற்குத்தான் உதவியாளர் ஜஸீமா தேவைப்பட்டாள்.

"அசையாதீங்க சார். காது மாட்டிகினுகீது. பக்கத்துல ஊறுகாய் ஜாடி வேற கீது, அத்த உடைச்சீங்கன்னா நம்ம ஆபீஸ வித்தாலும் பத்தாது."

தலை வெளியே வந்தது. தவசிமுத்து மீசையைச் சரிசெய்துகொண்டு, உலகத்தில் எந்தத் துப்பறியும் நிபுணருக்கும் தினமும் நடக்கிற காரியம்தான் இது என்பது போலத் தொண்டையைச் செருமினார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, இருபது வருஷம் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறித்த டாலி கிளார்க் அவர். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு கயிற்றுக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். ஜஸீமா அதற்கு முன்பு கூரியர் கம்பெனியில் பத்து வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவள். வட சென்னையில் அவளுக்குத் தெரியாத சந்து இனிமேல்தான் போடப்பட வேண்டும்.

காணாமல் போனது ஒரு வாத்து. உயிருள்ள வாத்து இல்லை. விக்டோரியா ராணி காலத்தில், ஒயின் ஊற்றிக் குடிப்பதற்காக லண்டனில் செய்த கூஜா. உடம்பு முழுக்கக் கண்ணாடி. தலை, கழுத்து, கால், வால் எல்லாம் வெள்ளி. தலையைப் பின்னால் மடக்கினால் மூடி திறக்கும். சாய்த்தால் அலகு வழியாக ஊற்றும். கழுத்துக்குக் கீழே அரிசி அளவில் நான்கு முத்திரைகள் உண்டு: நடக்கிற சிங்கம், சிறுத்தைத் தலை, ராணியின் தலை, செய்த ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்து. இந்த நான்கும் இருப்பதால்தான் அது பொக்கிஷம். இல்லாவிட்டால் பொருட்காட்சியில் வாங்கிய பொம்மை.

உபைதுல்லா பாய், கப்பல்களுக்கு அரிசியும் வெங்காயமும் சப்ளை செய்து ஓய்ந்தவர். ஒரு சொட்டு மது அவர் நாக்கில் பட்டதில்லை. ஆனால் வெள்ளைக்காரன் மது குடித்த, ஊறுகாய் போட்ட, அத்தர் வைத்த வெள்ளிப்பூண் கண்ணாடிச் சாமான்கள் முப்பத்தொன்று அவரிடம் இருந்தன. ஒவ்வொரு பெருநாளுக்கும் வாத்தின் அலகு வழியாக ரோஸ்மில்க் ஊற்றி விருந்தாளிகளுக்குக் கொடுப்பார். இப்போது மிச்சம் முப்பது.

அவர் சந்தேகப்பட்டது ஒரே ஒருவரை. காலடிப்பேட்டையில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிற சிலுவைமுத்து. நாற்பது வருஷத் தோஸ்து. அவரும் இதே பைத்தியம் பிடித்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்கு வந்தார். வழக்கம்போல வாத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "இத ஒருநா நான் தூக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்று சொன்னார். இருபது வருஷமாக அவர் இதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வாத்து இல்லை.

பாய் புகார் எழுதி மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்கு வரும்படி சிலுவைமுத்துவுக்குப் போன் செய்தாகிவிட்டது. அதற்குள் வாத்து கிடைக்காவிட்டால், அவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன். மாடி அறை டி.வி.க்கு மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை சாய்த்து வைத்திருந்தது. சிலுவைமுத்துவின் மகள் ஷெர்லினுக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். பந்தக்கால் நட்ட வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் என்ன ஆகும் என்று தவசிமுத்து மெல்லக் கேட்டுப் பார்த்தார். பாய் பத்திரிகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

இந்த வழக்கில் பாய் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மனைவி அஜீசுன்னிசாவுக்கு விஷயம் தெரியக்கூடாது. அந்தம்மா ஞாயிறு சாயங்காலம் புழலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். கண்ணாடியில் கொட்டுகிற காசு கடலில் கொட்டுகிற காசு என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர். வாத்து போன செய்தி தெரிந்தால் மிச்சம் முப்பதும் தெருவுக்கு வந்துவிடும்.

மனைவி வீட்டில் இல்லாததால் பாயே டீ போட்டுக் கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளரின் வயிற்றில், புள்ளி புள்ளியாக, 'உ.அ. 17-7-1997' என்று வெட்டியிருந்தது. எதைப் பார்த்தாலும் வாசித்துவிடுவது தவசிமுத்துவின் பழக்கம். வாசித்தார்.

"டீக்குக்கூட கையெழுத்து போட்டு குடுக்கறாங்க சார்" என்றாள் ஜஸீமா. "பாத்ரூம்ல மக்கு மேலயும் கீது. நான் பாத்துட்டேன்."

எல்லாம் மனைவி வேலை என்று பாய் சலித்துக்கொண்டார். பேர் வெட்டாத பாத்திரம் வாசல்படி தாண்டினால் அது ஊர்ப் பாத்திரம் என்பது அஜீசுன்னிசாவின் சட்டமாம்.

தவசிமுத்துவின் மனம் அங்கே இல்லை. அலமாரிக்குள் தலையை விட்டதில் அவருக்கு இரண்டு தடயங்கள் கிடைத்திருந்தன. முதலாவது, பூட்டு உடையவில்லை. அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பாயிடம். இன்னொன்று எப்போதோ தொலைந்துவிட்டது என்றார் பாய். வாத்து நின்ற இடத்தில் மட்டும் தூசி துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"திருடிட்டு துடைச்சிட்டும் போயிகீறான். நம்ம ஆபீசுக்கு ஒருநாள் இட்டுகினு வரலாமா சார்?"

இரண்டாவதுதான் முக்கியமானது. பக்கத்து ஊறுகாய் ஜாடியின் வெள்ளிக் காலுக்கு அடியில் ஒரு வட்டமான அலுமினிய வில்லை இருந்தது. மேலே ஓர் ஓட்டை. நடுவில் 37 என்ற எண்.

ஜஸீமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார் இது, பொருள எடுத்துகினு ரசீது வச்சிட்டு போயிகீறானா?"

தவசிமுத்து புன்னகைத்தார். துப்பறியத் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். இது செருப்பு டோக்கன் என்று அறிவித்தார். திருடியவன் வீட்டுக்குள் வரும் முன் கோயிலுக்குப் போயிருக்கிறான். வாசலில் செருப்பை விட்டிருக்கிறான். டோக்கன் பையிலிருந்து விழுந்திருக்கிறது. செருப்பைக் கண்டுபிடித்தால் கால் கிடைக்கும், கால் கிடைத்தால் ஆள் கிடைப்பான்.

"சிலுவைமுத்து அண்ணன் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு போவாம கோயிலுக்கு போனாரா சார்?"

"அதுதான் வேஷம், பிள்ள" என்றார் தவசிமுத்து.

திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிற டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஜஸீமா ஸ்கூட்டரைச் சந்துகளில் ஒடித்து ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த தவசிமுத்து, எதிரே வருகிற ஒவ்வொரு மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். காலடிப்பேட்டையைத் தாண்டும்போது ஒரு வாசலில் பந்தல்காரர்கள் சவுக்குக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் நின்ற பருத்த மனிதர் ஒருவர், பக்கத்துக் கட்டையின் நேரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"அவர்தான் சிலுவைமுத்து அண்ணன்" என்றாள் ஜஸீமா.

தவசிமுத்து திரும்பிப் பார்த்தார். திருடனுக்கு உரிய அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். அந்த மனிதரின் சட்டையில் சந்தனம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு இந்த மனிதரைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று நினைத்ததும் ஜஸீமாவை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னார்.

திருவொற்றியூர் கோயில் வாசலை அடைந்தபோது மணி மூன்றே கால். நடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. செருப்புக்குக் காவல் இருக்கும் ஆவுடையம்மாள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு சொம்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். தவசிமுத்து டோக்கனை நீட்டி, முப்பத்தேழாம் நம்பர் செருப்பு வேண்டும் என்று அதிகாரமாகக் கேட்டார். அவள் எழுந்திருக்காமலே, இங்கே டோக்கன் பச்சைப் பிளாஸ்டிக், வேண்டுமானால் சொந்தக்காரன் வராத செருப்பு ஒரு மூட்டை இருக்கிறது, பொருத்தமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போ என்றாள்.

தவசிமுத்துவின் முகம் தொங்கிப்போனது. ஆனால் ஆவுடையம்மாள் டோக்கனைத் திருப்பித் தரவில்லை. கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். தலைக்கு வைத்திருந்த சொம்பை எடுத்து டோக்கனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இத்த பாரு நைனா. நம்பரு அச்சு போட்டது இல்ல. புள்ளி புள்ளியா வெட்டிகீது. ஏழுக்கு கீழ வாலு கீது பாரு, பூனை வாலு மாதிரி. எஞ்சொம்புலயும் அதே வாலு."

சொம்பில் அவள் பெயரும், கீழே 2007 என்றும் வெட்டியிருந்தது. ஏழின் கடைசிப் புள்ளிகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. இந்த வால் வைக்கிறவன் ஒருத்தன்தான், தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிற ஆன்றோ, கொடுத்த பாத்திரத்துக்கு அடையாளமாக அவனே வெட்டிய வில்லையைத்தான் தருவான் என்று ஆவுடையம்மாள் சொல்லி முடித்தாள். சொம்பை மறுபடி தலைக்கு வைத்துக்கொண்டாள்.

தவசிமுத்துவுக்கு உபைதுல்லா வீட்டு டம்ளர் கண் முன்னால் வந்தது. 17-7-1997. அதில் மூன்று ஏழு. மூன்றுக்கும் வால்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுகினுதான் செருப்பு தேடி வந்தோமா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வழக்கு முழுவதும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வாத்தைத் திருடியவன் அதில் தன் பெயரை வெட்டக் கொடுத்திருக்கிறான். பேர் இருக்கிறவனுக்குத்தான் பாத்திரம் சொந்தம் என்பது இந்த ஊரில் சட்டப் புத்தகத்துக்கும் மேலான சட்டம். நாளைக்கே வழக்கு வந்தாலும் கழுத்தைக் காட்டி, 'சிலுவைமுத்து, காலடிப்பேட்டை' என்று படிக்கச் சொல்லுவான். பிள்ள, அந்த வாத்தின் கழுத்தில் சிலுவைமுத்து வீட்டுப் பேர் இருக்கும், இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலை விட்டுவிட்டு மறுபடி மூட்டை எண்ணப் போகிறேன் என்று ஸ்கூட்டர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாத்திரக் கடைக்கு மாறுவேஷத்தில் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். கர்ச்சீப்பைத் தலையில் கட்டிக்கொண்டு, அண்டா வாங்க வந்தவர் போல நுழைந்தார். கடைப் பையன் எத்தனை பேருக்குச் சமைக்க என்று கேட்டான். தவசிமுத்து யோசிக்காமல் நானூறு என்றார். அவன் உற்சாகமாகி, ஒருவர் உள்ளே படுத்துத் தூங்கக்கூடிய அண்டா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து காலடியில் நிறுத்தினான். அதில் என்ன பேர் வெட்டட்டும் என்று வேறு கேட்டான்.

அதற்குள் ஜஸீமா வாசலில் இருந்த ஆன்றோவின் மேஜைக்குப் போய் டோக்கனை வைத்து, "முப்பத்தேழு" என்றாள்.

கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த ஆன்றோ, கையில் கிர்ரென்று துடித்துக்கொண்டிருந்த வெட்டு மெஷினை அணைத்தார். பலகைக்கு அடியிலிருந்து பூப்போட்ட டர்க்கி டவலில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். டவலை விலக்கியதும், மாலை வெயிலில் வாத்தின் வெள்ளித் தலை பளிச்சென்று தெரிந்தது. தவசிமுத்து அண்டாவைத் தாண்டிக் குதித்து வந்தார்.

ஆன்றோ மார்த்தாண்டத்துக்காரர். மனசில் இருந்ததைக் கொட்டினார். "எடம் ரொம்பக் கம்மி பாத்துக்கிடுங்க. கழுத்தச் சுத்தி வெட்டியும் பத்தல. மிச்சத்தக் கால்ல எறக்கிட்டேன். எடது கால்ல ஊரு, வலது கால்ல தேதி. கழுத்துக்குக் கீழ எவனோ சிங்கம், பொம்பளத் தலைன்னு கிறுக்கி வச்சிருந்தான். தேச்சு எடுத்துரட்டான்னு கேட்டேன். பழச ஒண்ணும் தொடவேண்டாம்னு அக்கா சொல்லிட்டாவ."

தவசிமுத்துவுக்கு நின்றுபோன மூச்சு திரும்பி வந்தது. முத்திரைகள் நான்கும் பிழைத்துவிட்டன. அப்புறம்தான் கடைசி வாக்கியம் காதில் ஏறியது.

எந்த அக்கா என்று கேட்டார்.

இராயபுரம் அஜீசுன்னிசா அக்காதான், இருபத்தஞ்சு வருஷ வாடிக்கை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டோவில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றார் ஆன்றோ.

தவசிமுத்து வாத்தைக் கையில் வாங்கி, கழுத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். இரண்டாவது சுற்றில் அவர் குரல் நின்றுவிட்டது. ஜஸீமா எட்டிப் பார்த்து, மிச்சத்தை உரக்கப் படித்தாள்.

"செல்வி ஷெர்லின் திருமணத்திற்கு அன்பளிப்பு. உ. அஜீசுன்னிசா குடும்பத்தார்." குனிந்து இடது காலைப் பார்த்தாள். "இராயபுரம்."

ஆன்றோ மெஷினை மறுபடி ஓட விட்டார்.

"நீங்க சொன்னது கரீட்டு சார்" என்றாள் ஜஸீமா. "சிலுவைமுத்து அண்ணன் வூட்டுப் பேர்தான் கழுத்துல கீது. வாத்தும் அவர் வூட்டுக்குத்தான் போவுது. இன்னா, வர்ற திங்கக்கெழமதான் போவும். நம்ம பாய் கொஞ்சம் முன்னாடியே புகார் எழுதிட்டாரு."

இராயபுரம் வீட்டு மாடிப்படி ஏறியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று பிரதிகளையும் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். வாத்தைப் பார்த்ததும் எழுந்தார். கழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தார். வாசித்து முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வலது காலில் தேதி வரைக்கும் போய்விட்டு, மறுபடி கழுத்துக்கு வந்தார்.

பிறகு அவரே புழலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அஜீசுன்னிசாவின் குரல் நிதானமாக வந்தது. சனிக்கிழமை ராத்திரி கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று தான் கேட்டதையும், பாய் ஊறுகாய் ஜாடியைத் துடைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்ன பதிலையும் வரிசையாக எடுத்துச் சொன்னார். சிலுவைக்குக் கொடுப்பதில் என்ன யோசனை, வீட்டில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடு என்றாராம் பாய். அவர் மனசில் நினைத்தது பரணில், வந்த பெட்டியைப் பிரிக்காமல் கிடக்கிற பதினொரு டின்னர் செட்டுகளை.

"அண்ணன் வந்தாலே அந்த வாத்தத்தான மடியில தூக்கி வச்சிக்கிறாரு. வூட்ல அத்தவிட நல்லது இன்னா கீது? சாவி எங்கிட்டதான் எப்பவும் கீது. டோக்கன் தொலையக்கூடாதுன்னு வூட்டுக்குத் திரும்பி வந்து, வாத்து இருந்த எடத்துக்குப் பக்கத்துல, ஊறுகாய் ஜாடிக்கு அடியில வச்சிட்டுத்தான் இங்க வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு நாளா தேடுனீங்களா? எனக்கு ஒரு போன் போட்டு கேக்கறதுக்கு இன்னா?"

பாய் தவசிமுத்துவைப் பார்த்தார். தவசிமுத்து டி.வி.யைப் பார்த்தார். ஜஸீமா அலமாரியில் சாய்ந்துகொண்டு தன் நகத்தைப் பார்த்தாள்.

படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. சிலுவைமுத்து வந்துவிட்டார். ஒரு கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம், சட்டையில் அதே சந்தனம். கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன், உடம்புக்கு ஏதும் இல்லையே என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல வாத்துக்குக் கையை நீட்டினார். பாய் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்?

சிலுவைமுத்து கழுத்தை ஒருமுறை திருப்பினார். மகள் பெயரில் அவர் விரல் நின்றது. மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை திருப்பினார். இந்த முறை பார்த்தது அப்பாவின் கண் இல்லை, சேகரிப்பவரின் கண்.

"மாமு. இதுல எவன் பேர் வெட்டுனது?"

"ஆன்றோ."

"நூத்தி நாப்பது வருஷத்து வெள்ளி மாமு."

"தெரியும்."

"சொரண்டி எடுத்தா வெள்ளி தேஞ்சு போயிரும். தேஞ்சா இன்னும் மட்டம்."

"தெரியும் சிலுவ."

இரண்டு பேரும் வாத்தை நடுவில் வைத்துக்கொண்டு, மையத்து விழுந்த இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தவசிமுத்து மெல்ல நகர்ந்து, மேஜையில் இருந்த மூன்று பிரதிகளையும் எடுத்துத் தன் கோட்டுக்குள் செருகப் பார்த்தார். பாய் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒரு பிரதியை எடுத்து, சிலுவைமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"திங்கக்கெழமயிலருந்து நான் ஒன்னத்தான் சந்தேகப்பட்டுகினு இருந்தேன். நான் மனுஷனே இல்ல. படிச்சுட்டு இன்னா சொல்லணுமோ சொல்லு."

சிலுவைமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தவசிமுத்து வாசல் எத்தனை அடி தூரம் என்று மனசுக்குள் அளந்தார். நாற்பது வருஷ நட்பு இந்த ஒரு தாளில் நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் பாதியில் விரலை வைத்தார்.

"இன்னா மாமு இப்படி எழுதி வச்சிருக்க? வாத்து செஞ்சது ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்திரண்டுன்னு போட்டிருக்க. முத்திர எழுத்து எண்பத்தொண்ணுல்லா. இதக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்திருந்தா நம்ம ரெண்டு பேருக்குமே மானக்கேடு."

"எண்பத்திரண்டுதான்."

"பூதக்கண்ணாடிய எடு."

பூதக்கண்ணாடி வந்தது. இரண்டு வழுக்கைத் தலைகளும் வாத்தின் கழுத்துக்கு மேல் குனிந்து ஒட்டிக்கொண்டன. எண்பத்தொன்றுதான். பாய் ஒப்புக்கொண்டு, புகாரை வாங்கி நான்காகக் கிழித்தார். மிச்ச இரண்டு பிரதிகளை ஜஸீமா கிழித்தாள். கருவாட்டுப் பொட்டலத்தை யார் அடுப்படிக்குக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோதுதான் தவசிமுத்துவுக்கு உட்காரத் தைரியம் வந்தது.

புறப்படும்போது சிலுவைமுத்து வாத்தை டர்க்கி டவலில் பிள்ளையைப் போலச் சுற்றிக்கொண்டார். புகார் விஷயத்தைக் கல்யாணம் முடிகிறவரை ஷெர்லினிடம் சொல்ல வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். ஸ்பீக்கரை யாரும் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"வாத்து உங்களுது அண்ணா" என்றது புழலிலிருந்து வந்த குரல். "டவல் எங்களுது. ஓரத்துல பேர் தச்சிகீது, பாருங்க."

சிலுவைமுத்து டவல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு நூலில் உ.அ. என்று இருந்தது. பாயை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப கல்யாணம் முடிஞ்ச மறு ஞாயித்துக்கெழம நீதான் வந்து வாங்கிக்கிடணும்."

"வரேன்" என்றார் உபைதுல்லா பாய். "கொஞ்ச நேரம் மடியில குடுப்பியா?"